இடைநிற்கும் இருமொழியாளன்



கணினியில் பதிந்து வைத்த தமிழ்ப்பெயர், மறுநாள் எடுத்துப் பார்க்குங்கால் வெறும் வினாக்குறிகளாய் நிற்பதைக் கண்டோர் பலர். ‘கணினிக்குத் தமிழ் ஒவ்வாது போலும்’ என்று அவருட் சிலர் முடிவு கட்டிவிடுவர். அம்முடிவு பெரும்பிழை. எழுதிய நிரல் தமிழை நன்கறியும். சேர்த்து வைக்கும் தரவுத்தளமும் தமிழை ஏற்க வல்லது. இவ்விரண்டிற்கும் நடுவே, கண்ணிற்படாது நிற்கும் ஒரு சிறு மென்பொருளில்தான் பெரும்பாலும் தமிழ் தொலைகின்றது. இயக்கி என்பது அதன் பெயர்.

1970-ஆம் ஆண்டு, ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்னும் அறிஞர், தரவுகளை அட்டவணைகளாக வகுத்து, அவற்றிடையே உள்ள உறவால் கையாளும் முறையை வெளியிட்டார். உறவுநிலைத் தரவுத்தளம் பிறந்த வரலாறு இது. அதனை வினவுதற்கு எசு.கியூ.எல். என்னும் மொழி எழுந்து, 1986-இல் அமெரிக்கத் தரமாகவும் ஆயிற்று. ஆயினும் வினவும் மொழி ஏறத்தாழ ஒன்றாயிருப்பினும், அவ்வினாவைக் கம்பிவழி ஏற்று விடை விடுக்கும் முறை ஆரக்கிளுக்கு ஒன்று, மை எசு.கியூ.எல்.லுக்கு வேறொன்று. நிரல் எழுதுவோர் அத்தனை முறைகளையும் கற்றுக்கொண்டிருத்தல் இயலுமா? 1992-இல் மைக்ரோசாப்ட்டு வெளியிட்ட ஓ.டி.பி.சி.யும், 1997-இல் சாவா மொழியோடு வந்த சே.டி.பி.சி.யும் இவ்விடரைத் தீர்த்தன. நிரல் ஒரே வகையாகக் கேட்கும். அந்தந்தத் தரவுத்தளத்திற்குரிய இயக்கி அதனதன் முறைக்கு மாற்றிக் கொடுக்கும்.

புதுச்சேரியில் பிரஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சுக்கும் ஊர் வணிகர்க்கும் இடையில் ஆனந்தரங்கர் நின்றாரன்றோ? அவர் வகித்த பணியைத் துபாசி என்றனர். வடசொல்லின் திரிபு அது. இருமொழியாளன் என்பதே நேரிய தமிழ். இயக்கியும் அத்தகைய இருமொழியாளனே; உண்மையில் அது எதனையும் இயக்குவதில்லை. ஆங்கிலத்தார் வண்டியோட்டியின் பெயரை அதற்கு இட, நாமும் அதையே பெயர்த்துக்கொண்டோம். இணைப்பி எனினும் தகும்.

இருமொழியாளன் ஒரு மொழியை அறியாதவனாயின் என்னாகும்? ‘தமிழ்’ என்னும் சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியிலோ த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியிடங்கள். யு.டி.எப்.-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ஆக 15 பைட்டு. இயக்கிக்கும் தரவுத்தளத்திற்கும் இடையிலான இணைப்பு இலத்தீன்-1 என்னும் குறிமுறையில் அமைந்திருப்பின், மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்கென வகுத்த அதன் 256 இடங்களுள் தமிழுக்கு ஓரிடமும் இல்லை. இயக்கி தயங்குவதில்லை, பெரும்பாலும் பிழை என்று கூவுவதுமில்லை. இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு வினாக்குறியை இட்டு அனுப்பிவிடும். ‘?????’ என்று ஐந்து குறிகள் அட்டவணையில் அமர்ந்துவிடும். அவை ‘தமிழ்’ ஆகவும் இருந்திருக்கலாம், ‘மகிழ்’ ஆகவும் இருந்திருக்கலாம், இரண்டிற்கும் ஐந்தே. எக்கணினி வல்லுநரும் அவற்றினின்று மூலத்தை மீட்டல் இயலாது. (பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாய்த் தோன்றுமாயின் அஞ்ச வேண்டுவதில்லை, அங்குப் பைட்டுகள் பெரும்பாலும் அழியாதிருக்கும், முயன்றால் மீட்கலாம்.)

மை எசு.கியூ.எல். தரவுத்தளத்தில் 2018-இல் வந்த எட்டாம் பதிப்பு வரை, தனியே கூறாவிடின் இலத்தீன்-1 முறையே இயல்பாய் அமைந்தது. ஆகவே அதற்கு முன் எழுந்த பழைய அட்டவணைகளை இன்றும் பேணுவோர், அட்டவணை, இணைப்பு இரண்டன் குறிமுறையையும் தனித்தனியே ஆய்தல் வேண்டும். ஒன்றைத் திருத்தி மற்றொன்றை விட்டால் பயனில்லை.

இன்னும் ஒன்று உண்டு. அத்தரவுத்தளத்தில் யு.டி.எப்.-8 என்றே பெயரிட்ட பழைய முறை, ஒரு குறிக்கு மூன்று பைட்டுக்கு மேல் ஏலாது. இக்காலத் தமிழ் எழுத்துகள் அதில் அடங்கும். ஆனால் முந்திரி, காணி, மா முதலான நம் முன்னோரின் கீழ்வாய் இலக்கக் குறிகள் 2019-இல் ஒருங்குறியின் 12-ஆம் பதிப்பில் இடம்பெற்றன. அவற்றுக்கு நான்கு பைட்டு வேண்டும். பழைய நிலக்கணக்கோலை ஒன்றைப் படியெடுத்துக் கணினியில் ஏற்றுவோர் நான்கு பைட்டு முறையைத் தேர்ந்திலராயின், முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரிக் குறி வந்தவுடன் பதிவு மறுக்கப்படும். கண்டிப்பு தளர்ந்த அமைப்பாயின், அக்குறி தொடங்கி அவ்வரியின் எஞ்சிய பகுதி முழுதும் அறுந்துபோகும்.