இரவல் நூல்களைத் தேடிச் சென்றவர்



இரவல் நூலைத் திருப்பிக் கேட்ட நூலகரிடம் மாணவப் பருவத்தில் சினந்தவள் நான். லித்துவேனியாவின் வில்னியூஸ் பல்கலைக்கழக நூலகர் ஓனா ஷிமைதேயை அறிந்தபின் நாணினேன்.

1941இல் நாஜிகள் அந்நகர யூதர்களை 'கெட்டோ' என்னும் அடைப்புச் சேரியில் சிறைவைத்தனர். யூத மாணவர் திருப்பித் தராத நூல்களை மீட்கவேண்டும் என்று சொல்லி ஓனா உள்ளே சென்றார். மெலிந்த சாக்குத்தான், ஆயினும் வாயில் திறந்தது. உள்ளே போகையில் உணவு கொண்டுசென்றார். மீள்கையில் நூல்களையும் எழுத்தாளர்தம் கையெழுத்துப் படிகளையும் கொணர்ந்தார். தம் நூலகத்திலேயே அவற்றை மறைத்தார். யூதச் சிறுமி ஒருத்திக்கும் அடைக்கலம் தந்தார். 1944இல் கெஸ்டபோ அவரைப் பிடித்து வதைத்தது. அவர் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. டாக்காவ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டும் உயிர்பிழைத்தார். 1970இல் பிரான்சில் மறைந்தார்.

கவிஞர்களே, அவர் கவிதை எழுதியவரல்லர். பிறர் எழுதியவற்றைச் சுமந்தவர்.