பூங்கா வரைபடத்தில் நம் கலைக்கும் ஓர் இடம்

(தோட்டக் கலைக் குழுவினரிடையே ஆற்றிய உரை)

 

பொதுப் பூங்காக்களைச் சீரமைக்கும் திட்டங்கள் அவற்றில் வேரூன்றிய கலைகளை எவ்வாறு பாதிக்கின்றன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். "பூங்கா நகரத்தாருக்கு உரியது, விடியுமுன் உளியெடுத்துப் பால்மரம் சீவப் போகும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு மிக நெருக்கமானது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று நகரமாகவும் பூங்காவாகவும் விளங்கும் நிலங்களில் பல, நேற்றுவரை இரப்பர்த் தோட்டங்களாக இருந்தவை. பங்சார் என்னும் பெயரே அங்கிருந்த தோட்டத்தின் பெயரிலிருந்து வந்ததாகும். 1950களில் எழுந்த பெட்டாலிங் ஜெயா எஃபிங்காம் தோட்டத்து மண்ணில் எழுந்தது. ஏரிகளும் தாவரப் பூங்காவும் சூழ்ந்த புத்ராஜெயா, பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த இடத்தில் உருவாயிற்று. அத்தோட்டத்துக் குடும்பங்கள் டிங்கில் பகுதியில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. ஆகவே, இன்றைய நம் தோட்டத் திடல், நாளை ஒரு வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டிய பூங்காவாக மாறலாம். வரைபடத்திலேயே இல்லாமலும் போகலாம்.

தோட்டத்தில் கலை எங்கே வளர்ந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெரட்டுக் களத்திலும் ஆலயத்தின் முன்வெளியிலும் பந்துத் திடலின் ஓரத்திலும் அது வளர்ந்தது. கும்மியும் கோலாட்டமும் கரகமும் காமன் கூத்தும் அங்கேதான் ஒரு தலைமுறையிடமிருந்து மறு தலைமுறைக்குச் சென்றன. இன்று இளைஞர்கள் பெரிதும் விரும்பிப் பயிலும் உருமி மேளமும் அத்தகைய வெளியையே நம்பியிருக்கிறது. உருமி மேளத்தை அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் வாசித்துப் பழக இயலாது. இருபது பேர் வட்டமாக நிற்கச் சமமான தரை வேண்டும். மாலை நேரத்தில் விளக்கு வேண்டும். கருவிகளை வைத்துப் பூட்ட ஓர் அறை வேண்டும். ஓசை யார் உறக்கத்தையும் கெடுக்காத அளவு தூரமும் வேண்டும். கலைக்குத் தேவை இவ்வளவுதான். ஆனால் இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பழகுவோர் கலைந்து போவர்.

பூங்காவைத் திட்டமிடும் அதிகாரிகள் கலையின் பகைவர்கள் அல்லர். அவர்கள் நிலத்தை அளப்பர், மரங்களை எண்ணுவர், மழைநீர் எங்கே வடியும், வாகனங்கள் எங்கே நிற்கும், நடைபாதை எவ்வழியே செல்லும் என்று கணக்கிடுவர். இவையாவும் கண்ணுக்குத் தெரிவன. செவ்வாயும் வியாழனும் மாலையில் அங்கே பிள்ளைகள் கூடிப் பழகுகிறார்கள் என்பது பகலில் வந்து அளப்பவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. எவரும் சொல்லாதவரை அது கணக்கில் ஏறுவதும் இல்லை.

அதன் விளைவு மூன்று வகையில் வருகிறது. முதலாவது, சீரமைப்புக்காகத் திடலைச் சுற்றி வேலி போடுகிறார்கள். பணி முடியும் வரை பழகுவதற்கு மாற்று இடம் கிடைப்பதில்லை. ஓராண்டு பழக்கம் விட்டுப்போன குழுவில் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. இரண்டாவது, சமதரையாக இருந்த இடம் பூப்பாத்தியாகவும் குளமாகவும் மேடு பள்ளமாகவும் மாறிவிடுகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆட இடம் இராது. மூன்றாவது, திறப்பு விழாவுக்குப் பின் புதிய விதிகள் வருகின்றன. இத்தனை மணிக்குக் கதவடைப்பு, இவ்வளவு கட்டணம், ஒலிபெருக்கிக்கும் மேளத்துக்கும் அனுமதி இல்லை என்பன போன்றவை அவை. எவரும் கலையை ஒழிக்க எண்ணவில்லை. ஆனாலும் கலை அவ்விடத்தை விட்டு நீங்கிவிடுகிறது.

இனி, நடந்த வரலாறுகள் சிலவற்றைக் காண்போம். நம் முன்னோர் பலர் கப்பலேறிய சென்னை மாநகரிலிருந்து தொடங்குகிறேன்.

1859இல் சென்னையின் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவிலியன், ஏழை எளியோரும் உலவி மகிழ வேண்டும் என்று மக்கள் பூங்கா ஒன்றை அமைக்க முனைந்தார். நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட அப்பூங்காவில் குளங்களும் விலங்குக் காட்சிச்சாலையும் இருந்தன. காலப்போக்கில் அது துண்டு துண்டாகக் கரைந்தது. 1900இல் மூர் மார்க்கெட் எழுந்தது. 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. பின்னர் விளையாட்டரங்கம் வந்தது. விலங்குகள் 1985இல் வண்டலூருக்கு இடம்பெயர்ந்தன. அதே ஆண்டு மூர் மார்க்கெட்டும் தீக்கிரையாகி, அவ்விடம் இரயில் நிலையத்தின் தேவைக்குப் போயிற்று. ஒவ்வொரு முறையும் எடுத்தது சிறு துண்டுதான்; ஒவ்வொன்றுக்கும் தக்க காரணமும் இருந்தது. ஆயினும் முடிவில் பூங்கா என்று சொல்லச் சிறிதளவே எஞ்சிற்று.

அந்தப் பூங்கா நிலத்தில் 1880களில் எழுந்த விக்டோரியா பொது மண்டபம் இன்றும் நிற்கிறது. பம்மல் சம்பந்த முதலியாரும் அவர்தம் நண்பர்களும் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை, 1902 முதல் 1936 வரை அம்மண்டபத்தையே தன் இல்லமாகக் கொண்டிருந்தது. தமிழ் நாடகத்தின் தந்தை என்று போற்றப்படும் அப்பெரியாரின் நாடகங்கள் பல அங்கே அரங்கேறின. படித்தவர்கள் மேடையேறுவது இழிவு என்ற எண்ணம் மாறியதில் அச்சபைக்குப் பெரும் பங்குண்டு. பூங்கா கரைந்தபோதும் அந்த மண்டபம் நிலைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதன் நிலம் 99 ஆண்டுக் குத்தகையாக எழுத்தில் பதிவு செய்யப்பட்டிருந்தது. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். சபை வெளியேறிய பிற்காலத்தில் அம்மண்டபம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்ததும் உண்டு. எழுத்து இருந்ததால் கட்டடம் நின்றது. அதில் குடியிருந்து பழகும் குழு இல்லாமையால் மேடை இருண்டது. இடமும் வேண்டும், அதை நாள்தோறும் பயன்படுத்தும் மக்களும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அடுத்து, நம் தலைநகருக்கு வருவோம். புக்கிட் கியாரா ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டம். அரசாங்கம் அதனைப் பொதுத் தேவைக்காக எடுத்துக்கொண்ட பிறகு, அங்கே வேலை செய்த குடும்பங்கள் 1982இல் தற்காலிக நீள்வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. நிரந்தர வீடு பின்னர் கிடைக்கும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட சொல். ஆண்டுகள் உருண்டன. நீள்வீட்டை அடுத்த நிலம், தாமான் ரிம்பா கியாரா என்னும் பொதுப் பூங்காவாயிற்று. 2017இல் மாநகர் மன்றம், அப்பூங்காவின் ஏறத்தாழப் பாதி நிலத்தில் உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் எழ அனுமதி அளித்தது. நீள்வீட்டுக் குடும்பங்களுக்கு உரிய வீடுகளும் அத்திட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தன. பூங்காவைக் காக்க விரும்பிய சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2018இல் உயர் நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளியது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை இரத்துச் செய்தது. 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது.

அத்தீர்ப்பின் சாரம் நமக்கு மிகவும் பயன்படுவது. மாநகரின் கட்டமைப்புத் திட்டம் வெறும் காகிதம் அன்று; அதிலிருந்து அதிகாரிகள் விலகுவதாயின் தக்க காரணம் கூறியாக வேண்டும். பொதுத் திறந்த வெளி என்று அத்திட்டத்தில் குறிக்கப்பட்டிருந்ததே அப்பூங்காவைக் காத்த அரண். அதே வேளையில் நம் நெஞ்சைத் தொடும் மற்றொரு செய்தியும் அதில் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு வீடா, ஊருக்குப் பூங்காவா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும் நிலை ஏற்பட்டதே, அதுதான் வருந்தத்தக்கது. தொடக்கத்திலேயே அக்குடும்பங்களின் வீடும் அவர்கள் கூடும் வெளியும் தனியே எழுதப்பட்டிருந்தால் இந்த மோதல் எழுந்திராது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு வாய்ச்சொல்லை நம்பியிருந்தவர்களின் கதை அது.

எழுத்தின் வலிமையைக் கண்டோம். விடாமுயற்சியின் வலிமைக்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று கூறுகிறேன். நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் என்னும் பெரும் பூங்காவில் ஜோசப் பாப் என்பவர் 1957 முதல் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைக் கட்டணமின்றி நடத்தி வந்தார். 1959இல் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ், கூட்டத்தால் புல்தரை தேய்கிறது; அதைச் சீர்செய்யும் செலவுக்காகப் பார்வையாளரிடம் கட்டணம் வாங்க வேண்டும் என்றார். ஏழைகளுக்காக நடத்தும் நாடகத்தில் அது ஆகாது என்று பாப் வழக்காடி வென்றார். 1962இல் அப்பூங்காவிலேயே டெலாகோர்ட் என்னும் திறந்தவெளி அரங்கு எழுந்தது. அண்மையில் அவ்வரங்கைச் சீரமைக்க வேண்டி வந்தபோது, 2024ஆம் ஆண்டுக் கோடையில் அது மூடப்பட்டிருந்தது. குழுவினர் தம் நிகழ்ச்சிகளை நகரின் வேறு இடங்களுக்குக் கொண்டு சென்றனர். 2025 ஆகஸ்டில் அரங்கு மீண்டும் திறக்கப்பட்டபோது அதே குழு அதே மேடைக்குத் திரும்பியது. சீரமைப்பு என்றால் கலை வெளியேற வேண்டும் என்பதில்லை. திரும்பி வரும் வழியை முன்கூட்டியே வகுத்துவிட்டால் போதும்.

இனி நாம் செய்ய வேண்டியவை யாவை?

முதலில், குழுவுக்குப் பெயரும் பதிவும் வேண்டும். சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற்ற குழு எழுதும் கடிதத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. தனியே பதிவு செய்ய இயலாதவர்கள், தொழிற்சங்கக் கிளையின் மூலமோ ஆலய நிர்வாகத்தின் மூலமோ எழுதலாம்.

இரண்டாவது, ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எந்தத் திடலில் பழகினார்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஆண்டு விழாவின் நிழற்படங்களை நாள் குறித்து ஒட்டி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு மாணவனிடம் இப்பொறுப்பைத் தரலாம். நம் கலை அங்கே வாழ்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

மூன்றாவது, குரல் கொடுக்கும் காலத்தை அறிந்துகொள்ளுங்கள். கட்டமைப்புத் திட்டத்தையும் உள்ளூர்த் திட்டத்தையும் இறுதி செய்யுமுன் நகல் வடிவில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். சிலாங்கூருக்கு 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டமும், கோலாலம்பூருக்கு 1982ஆம் ஆண்டு கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டமும் இதற்கு வழி செய்கின்றன. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் கட்டுமான விண்ணப்பம் வந்தால், சிலாங்கூர்ச் சட்டப்படி அண்டை நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பப்படும். அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபிக்கலாம். லயத்து வீட்டில் குடியிருப்பவர் நில உரிமையாளர் அல்லர் என்பதை நினைவில் வையுங்கள். அந்த அறிவிப்பு நம் வீட்டுக் கதவைத் தட்டாது. ஆகவே நகல் திட்டம் பார்வைக்கு வரும் காலமே நமக்குரிய காலம். பிரிக்பீல்ட்ஸ் போன்ற நகர்ப்புறத்தில் வாழும் உறவினருக்கும் கிள்ளான் வட்டாரத்துத் தோழர்களுக்கும் இதனை எடுத்துச் சொல்லுங்கள்.

நான்காவது, கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். "எங்கள் கலையைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் எழுதினால் அதிகாரி என்ன செய்ய இயலும்? சமதரை இவ்வளவு, மின்விளக்கு, கருவி அறை, வாரத்தில் இரு மாலைகள், சீரமைப்புக் காலத்தில் மாற்றுத் திடல், திறப்புக்குப் பின் திரும்பி வரும் உரிமை என்று பட்டியலிட்டுக் கேளுங்கள். வீடமைப்புத் திட்டங்களில் பத்து விழுக்காட்டு நிலத்தைத் திறந்த வெளியாக ஒதுக்குவது நம் நாட்டுத் திட்டமிடல் நெறி. தோட்டம் நகராகும்போது, அந்தப் பத்து விழுக்காட்டைச் சரிவிலும் ஓரத்திலும் துண்டுகளாகத் தேடாமல், மக்கள் ஏற்கனவே கூடிவந்த பழைய திடலையே அதில் சேர்க்குமாறு கேட்பது நியாயமான வேண்டுகோள் ஆகும்.

ஐந்தாவது, தனியே கேட்காதீர்கள். மலாய்ச் சகோதரர்களின் கொம்பாங் குழுவுக்கும், சீனச் சகோதரர்களின் சிங்க நடனக் குழுவுக்கும் நமக்குள்ள அதே தேவை உண்டு. மூவரும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டால் அது ஓர் இனத்தின் முறையீடாக இராது. ஊரின் வேண்டுகோளாக இருக்கும். அதோடு, குறித்த நேரத்தில் மேளத்தை நிறுத்துவதும், கூடிய இடத்தைக் கூட்டித் துப்புரவாக்கிச் செல்வதும் நம் கடமை. அண்டை வீட்டார் நமக்காகச் சாட்சி சொல்லும் நிலையை நாமே உண்டாக்க வேண்டும்.

தோழர்களே! கோலாலம்பூரின் 2040ஆம் ஆண்டுக்கான கட்டமைப்புத் திட்டம் 2023இலும், உள்ளூர்த் திட்டம் 2025இலும் நடப்புக்கு வந்துள்ளன. கிள்ளான் 2024இல் மாநகர் தகுதி பெற்றுவிட்டது. நகரம் தோட்டத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அதைத் தடுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. நம் பிள்ளைகளுக்கு நல்ல வீடும் நல்ல பூங்காவும் வேண்டும். அந்தப் பூங்காவில் அவர்கள் தாத்தா வாசித்த உருமியை வாசிக்கவும் ஓரிடம் வேண்டும் என்பதே என் விருப்பம். அந்த இடத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே. குறிப்பேட்டின் முதல் பக்கத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள்.