துப்பாக்கியும் தோட்டாவும்

சனத்நகர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று பழகிய நம்மவர்க்கு, ஆயிரத்தில் ஓர் அங்குலம் எவ்வளவு பெரிய பிழை என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய நுட்பத்தை வேண்டி நிற்கும் ஒரு கருவியைப் பற்றியே, நேயர்களே, இன்று நாம் பேசப் புகுகிறோம். 2023ஆம் ஆண்டு ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில், மனு பாகர், ரிதம் சங்வான் ஆகிய இருவருடன் சேர்ந்து நம் ஐதராபாத்தின் ஈஷா சிங் குழுவுக்குரிய தங்கத்தை வென்றார். தனியர் பிரிவில் வெள்ளியும் பெற்றார். தம் பிள்ளைகளையும் சுடுதளத்திற்கு அனுப்ப விழையும் பெற்றோர் நம்மிடையே உண்டு. எந்தத் துப்பாக்கி சிறந்தது என்று அவர்கள் வினவுகின்றனர். எந்தத் தோட்டா என்று வினவுவோர் அரியர். தோட்டாவைத் தெலுங்கு நண்பர்கள் ‘தூட்டா’ என்பர். அவர்களும் அதனை வினவுவதாகத் தெரியவில்லை.

சுழல் துப்பாக்கியில் அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொணர்வது சுடுபவரின் விரலே. ஒன்று வெடிக்காவிட்டால் விசையை மீண்டும் இழுக்க, அடுத்தது வந்து நிற்கும். அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி அவ்வாறன்று. வெடித்த தோட்டாவின் உந்தலே மேற்பாகத்தைப் பின்னுக்குத் தள்ளி, வெற்றுக் கூட்டை வெளியே எறிகிறது. சுருள்வில் அம்மேற்பாகத்தை முன்னுக்குக் கொணரும்போது, அடுத்த தோட்டா குழலின் வாயில் நுழைகிறது. ஆகவே தோட்டாவையும் இயந்திரத்தின் ஓர் உறுப்பாகவே கருதவேண்டும். உந்தல் குறைந்தால் வெற்றுக் கூடு வெளியேறும் வழியிலேயே கவ்வப்பட்டு நிற்கும். மிகுந்தால் உறுப்புகள் மோதித் தேயும்.

இப்போட்டியில் வழங்குவது 5.6 மில்லிமீட்டர்த் தோட்டா; ‘பாயிண்ட் டுவென்டி டூ’ என்றால் எவர்க்கும் விளங்கும். 1887ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய இது மலிவானது; ஆயினும் குணத்தில் முரடு. தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பின் உட்புறம் சுற்றிலும் பரவியிருக்க வேண்டும். ஓரிடத்தில் விடுபட்டு, ஊசி அவ்விடத்திலேயே அடித்துவிட்டால் தோட்டா ஊமையாகும். ஈயக்குண்டின் மேல் பூசிய மெழுகு கரியோடு கலந்து உள்ளே படியப் படிய, தொடக்கத்தில் ஒழுங்காய் ஓடிய துப்பாக்கி பின்னர்த் திணறும். பெட்டியில் மேல்தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னே சிக்கினாலும் ஓட்டம் நின்றுவிடும். வேகம் மிகுந்த தோட்டாவே சிறந்தது என்பது நம்மவர் பலரின் எண்ணம். போட்டித் துப்பாக்கியின் சுருள்வில்லோ பெரும்பாலும் நடுத்தர வேகத்திற்கே அளவிட்டு அமைக்கப்படுகிறது. டில்லியில் வாழும் நேயர்கள் துக்ளகாபாத் சுடுதளத்தின் சனவரிக் காலையையும் நினைவில் கொள்க; குளிரில் மசகு இறுகி, வேனிலில் போதுமாயிருந்த உந்தல் போதாமற் போகும்.

பெரிய துப்பாக்கிகளின் கதையும் இதுவே. பிரௌனிங் வகுத்த கைத்துப்பாக்கியை அமெரிக்கப் படை 1911ஆம் ஆண்டு ஏற்குமுன், 6,000 தோட்டாக்களைச் சுட்டுச் சோதித்தது. ஒருமுறையும் தடை நேரவில்லை. அவை உருண்டை மூக்கும் உலோக உறையும் உடையவை. உடலில் பட்டு விரியும் குண்டுகளைப் போரில் விலக்க 1899ஆம் ஆண்டு ஹேக் நகரில் பல நாடுகள் உடன்பட்டன. அக்குண்டுகள் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஊரின் பெயராலேயே வழங்கின என்பதை நேயர்கள் அறிவர். பிற்காலத்தில் வெளிநாட்டுக் காவலர் குழிமூக்குக் குண்டுகளைப் பழைய துப்பாக்கிகளில் இட்டபோது, அகன்ற முனை குழல்வாய்ச் சரிவில் முட்டி நின்றது. பழி துப்பாக்கியின் மேல் விழுந்தது.

ஒரு பெட்டி சுட்டுப் பார்த்து நம்பிவிடலாகாது. ஒரே வகையில் சில நூறேனும் சுட்டு, ஒவ்வொரு தடையையும் குறிப்பேட்டில் எழுதவேண்டும். தோட்டா அடைக்கும் பெட்டிகளுக்கு எண்ணிடுவதும் நலம். தடை ஒரே எண்ணைச் சுற்றி வருமாயின் குற்றவாளி அகப்பட்டான்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையெனில், துப்பாக்கியைக் குறிப்பலகை நோக்கியே அரை நிமிடமேனும் பிடித்திருக்க வேண்டும். மருந்து தாமதித்தும் எரியக்கூடும். இதனினும் கொடியது மெலிந்த ஓசை. குண்டு குழலினுள்ளேயே தங்கியிருக்கலாம்; அதன்மேல் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளக்கக்கூடும். பிள்ளைகளுக்கு முதற்கண் கற்பிக்க வேண்டுவது இதுவே. போட்டியில் இவ்வாறு நேர்ந்தால், துப்பாக்கியைத் திறவாமல் மற்றக் கையை உயர்த்தி நடுவரை அழைக்கவேண்டும். பழுது துப்பாக்கியினுடையது என்று அவர் கண்டால் விதிப்படி சலுகை உண்டு. பெட்டியைச் சரிவரச் செருகாமைக்கும், பொருந்தாத தோட்டாவை இட்டமைக்கும் சலுகை இல்லை. சுடாத தோட்டா ஒவ்வொன்றும் சுழியமாகவே எழுதப்படும்.