அலுவல் நடுவே ஆன்ம உணவு

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அன்றாட அலுவல்களுக்கு நடுவே ஆன்ம உணவுக்கு நேரம் ஒதுக்குவது பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். அதையும் பத்தே நிமிடத்தில் முடித்துவிட வேண்டுமாம். தலைப்புக்கு ஏற்ற நிபந்தனைதான்!

“செபிக்க நேரமில்லை” என்று ஒருவர் சொன்னால், உடனே அவரைப் பக்தி குறைந்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தானும் வேலைக்கு ஓடும் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு ஷிப்டு என்று மாறிமாறி உழைக்கும் இளைஞர்களுக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். களத்தில் நெல் கிடக்க, வானம் கறுத்துக்கொண்டு வந்தால் எந்த விவசாயி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்? சனிக்கிழமைதோறும் திருநள்ளாற்றுக்கு வரும் கூட்டத்தை நம்பிப் பிழைக்கிற ஆட்டோக்காரரை அன்று தியானத்துக்கு அழைத்தால் வருவாரா? இவர்கள் சொல்வது சாக்குப்போக்கு அல்ல.

நம் ஆண்டவருக்கும் இந்தச் சிரமம் தெரியும். மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். சாப்பிடக்கூட முடியாதபடி சனங்கள் சீடர்களை நெருக்குகிறார்கள். சற்று இளைப்பாறட்டும் என்று இயேசு அவர்களைப் படகில் தனியிடத்துக்கு அழைத்துப் போகிறார். சனங்களோ கரைவழியாக ஓடி, படகுக்கு முன்பே அங்கே போய் நிற்கிறார்கள்! ஓய்வு போயிற்று. ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிரும் வேலையும் வந்து சேர்ந்தது. அதெல்லாம் முடிந்தபின் இயேசு சீடர்களைப் படகேற்றி, கூட்டத்தையும் அனுப்பிவிட்டுத் தனியாக மலையேறிச் செபித்தார். மிஞ்சிய நேரத்துக்காக அவர் காத்திருக்கவில்லை. மிஞ்சிய நேரம் என்று ஒன்று எந்த வீட்டிலும் மிஞ்சுவதில்லை என்பது குடும்பம் நடத்துகிற நமக்குத் தெரியாதா?

நம் தமிழ்க் கடற்கரையிலேயே இதற்கு ஒரு நல்ல வழி காட்டப்பட்டிருக்கிறது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், அவ்வாண்டு அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். செபம் கற்றுத்தரும்வரை சிறுவர்கள் தம்மை உண்ணவோ உறங்கவோ, குருக்கள் நாள்தோறும் சொல்ல வேண்டிய செபத்தைச் சொல்லவோ விடுவதில்லை என்று அதில் குறிப்பிடுகிறார். அவரைவிட நேரமில்லாதவர் யார்? 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் தம் முறையை விவரிக்கிறார். மொழி தெரிந்தவர்களின் துணையோடு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், அருள்நிறை மந்திரம் முதலியவற்றைத் தமிழாக்கினார். தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியோடு தெருவில் இறங்கி, சிறுவரையும் பெரியவரையும் நாளுக்கு இருமுறை கூட்டினார். ஓர் ஊரை விட்டுப் போகும்போது செபங்களின் பிரதியை அங்கே வைத்து, எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளவும், எல்லாரும் மனப்பாடம் செய்து தினமும் சொல்லவும் ஏற்பாடு செய்தார்.

கடலுக்குப் போகிறவனிடம் தடித்த புத்தகத்தைக் கொடுத்து என்ன பயன்? மனப்பாடமான செபத்துக்கு விளக்கு வேண்டாம், கண்ணாடி வேண்டாம். அது படகிலும் கூடவே வரும்.

மூவேளைச் செபமும் இப்படிப்பட்டதுதான். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் போதும். பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857 முதல் 1859 வரை வரைந்த ஒரு படம் இன்று பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த கணவனும் மனைவியும், கோயில் மணி கேட்டு, கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கிறார்கள். கோயிலோ தொலைவில் சிறு புள்ளியாகத் தெரிகிறது. வயலில் மணி கேட்டதும் வேலையை நிறுத்தச் சொல்லி, இறந்தோருக்காகச் செபிக்க வைத்த தம் பாட்டியை நினைத்தே அதை வரைந்ததாக மில்லே பின்னாளில் சொன்னார். திருத்தந்தை ஆறாம் சின்னப்பரும் 1974-ல் மாதா பக்தி பற்றி வெளியிட்ட மடலில், மூவேளைச் செபத்தையும் குடும்ப செபமாலையையும் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நம் ஊரில் பாங்கோசை கேட்டதும் கடையைப் பாதி சாத்திவிட்டுத் தொழப் போகும் இஸ்லாமியச் சகோதரர்களைப் பார்க்கிறோம். அவர்களுக்கு வியாபாரம் இல்லையா? அவ்வளவு தூரம் போவானேன். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி, மாதா சுரூபம் வைத்த சிறு தேரை இழுத்துக்கொண்டு, நம் சாலை வழியே வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கு நாமே தண்ணீரும் மோரும் கொடுக்கிறோமே! அவர்களும் கூலிக்காரர்கள்தான், சிறு வியாபாரிகள்தான். அத்தனை நாள் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? செப்டம்பர் 8 என்று நாள் முன்பே குறித்தாகிவிட்டது, அதனால் கிடைத்தது.

இங்கே ஆண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாலைச் செபத்துக்கு எல்லாரையும் கூப்பிடுவது யார்? அம்மா. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து முழந்தாளிடுவதும், அது பொங்குகிறதென்று நடுவில் எழுந்து ஓடுவதும் அம்மாதான். நாம் கைபேசியைப் பார்த்துக்கொண்டே “அருள்நிறைந்த மரியே” சொல்லுகிறோம். மார்த்தாளைப் பற்றிப் பிரசங்கம் செய்வது எளிது. அவள் கையிலிருக்கும் பாத்திரத்தை வாங்கிக் கழுவ ஆள் வேண்டும். ஒரு வீட்டில் மகன் தண்ணீர் பிடித்து, தகப்பன் பாயை விரித்து விளக்கேற்றினால், அந்தத் தாய்க்குப் பத்து நிமிடம் கிடைத்துவிடும். இதையும் செபத்தின் பகுதியாகவே நான் எண்ணுகிறேன்.

இன்னொரு கவலையும் உண்டு. நம் வீட்டுப் பாட்டிமார் மூவேளைச் செபத்தைத் தூக்கத்திலும் சொல்வார்கள். பத்து வயதுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்; பல வீடுகளில் முதல் வரிக்குமேல் போகாது. பாட்டி கண்ணை மூடிவிட்டால் சொல்லித்தர ஆள் இல்லை.

ஆகையால் இந்த யூபிலி ஆண்டில் பெரிய ஏற்பாடு எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் உட்காரட்டும். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளட்டும். ஒவ்வொரு வீடும் தனக்கு ஏற்ற ஒரு வேளையைக் குறித்துக்கொள்ளட்டும். ஐம்பத்து மூன்று மணி முடியாவிட்டால் ஒரு பத்து மணி. இரவு ஷிப்டு முடித்துக் காலையில் படுக்கிற மகன், எழுந்திருக்கும் நண்பகலில் சொல்லட்டும். அப்போதும் மணி அடிக்கிறதே!

மரியே வாழ்க!