மதுப்பழக்கமும் பசியும் ஈரலும்: ஒரு மருத்துவரின் ஆய்வுப் பாதை

 

மது விலக்கப்பட்டது என்பதை இந்த அவையில் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. ஆனால் அதில் சிக்கிக்கொண்ட ஒருவனை எவ்வாறு மீட்பது என்ற கேள்விக்கு நம்மில் பலரிடம் விடை இல்லை. "மனம் வைத்தால் விட்டுவிடலாம்" என்கிறோம். விட முடியாதவனைக் கைகழுவி விடுகிறோம். இக்கேள்வியையே தம் ஆய்வாகக் கொண்ட லொரென்சோ லெஜ்ஜோ என்னும் இத்தாலிய மருத்துவரின் பணியை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அவர் ரோம் நகரின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். நாம் அருந்தும் மதுவில் பெரும்பகுதியை ஈரலே சிதைக்கிறது. அப்போது அசிட்டால்டிஹைட் என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. நாளடைவில் ஈரலில் கொழுப்பு படிந்து, பின் அழற்சி தோன்றி, முடிவில் தழும்பேறிச் சுருங்குகிறது. இந்நிலையை அடைந்தவருக்கு மதுவை விடுவதே முதல் மருந்து. ஆயினும் மது நாட்டத்தைத் தணிக்க வழங்கப்பட்ட மருந்துகள் சில ஈரலையே தாக்கக்கூடும் என்ற அச்சத்தால், அத்தகைய நோயாளிகள் ஆய்வுகளிலிருந்து விலக்கப்பட்டு வந்தனர். எவருக்கு உதவி மிகுதியாகத் தேவையோ, அவருக்கே வாசல் அடைக்கப்பட்டிருந்தது.

அந்த வாசலைத் திறக்க முயன்றவர்கள் ஜியோவன்னி அடோலொராட்டோவும், அவருடன் பணியாற்றிய லெஜ்ஜோ முதலானோரும் ஆவர். தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பாக்லோஃபென் என்னும் பழைய மருந்தை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அதன் பெரும்பகுதி ஈரலைச் சாராமல் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. ஈரல் சுருங்கிய 84 நோயாளிகளிடம் 12 வாரங்கள் நடந்த அந்த ஆய்வு 2007இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. மருந்து பெற்ற 42 பேரில் 30 பேர் மதுவை விட்டனர். மருந்தற்ற போலி மாத்திரை பெற்ற 42 பேரில் 12 பேர் விட்டனர். இந்த 12 பேரையும் நாம் மறந்துவிடலாகாது. அவர்கள் மருந்து பெறாவிட்டாலும் மருத்துவரின் ஆலோசனையையும் தொடர்ந்த கவனிப்பையும் பெற்றவர்களே.

அடுத்து அவர் பசியின் பக்கம் திரும்பினார். 1999இல் ஜப்பானிய அறிஞர்களான கொஜிமாவும் கங்காவாவும் கிரெலின் என்னும் இயக்குநீரைக் கண்டறிந்தனர். இரைப்பையில் சுரக்கும் இது, பசித்திருக்கும்போது இரத்தத்தில் உயர்ந்து, உண்டபின் தணிகிறது. உணவை நாடச் செய்யும் இதே செய்தி மதுவையும் நாடச் செய்கிறதா என்று லெஜ்ஜோ வினவினார். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 2012இல் அந்நாட்டின் தேசிய சுகாதாரக் கழகத்தில் சேர்ந்தார். மிகுதியாகக் குடிப்போருக்குக் கிரெலினை நரம்பு வழியே செலுத்தியபோது அவர்களின் மது வேட்கை கூடியதை 2014இல் வெளியிட்டார். இன்று இதன் மறுபக்கமும் ஆராயப்படுகிறது. பசியைத் தணிக்கும் செமக்ளுடைடு மருந்தைக் கொண்டு வேறு அமெரிக்க ஆய்வாளர்கள் 48 பேரிடம் நடத்திய சோதனையில் மது வேட்கையும், குடிக்கும் நாட்களில் அருந்திய அளவும் குறைந்ததாக 2025இல் அறிவித்தனர். அது சிறிய ஆய்வே. முடிந்த முடிவு அல்ல.

சகோதரர்களே! உடலில் ஒரு காரணம் உண்டு என்று சொல்வது, தவறைச் சரியென்று சொல்வதாகாது. பொறுப்பு மனிதனிடமே இருக்கிறது. ஆனால் வயிறும் மூளையும் சேர்ந்து இழுக்கும்போது, வெறும் ஏச்சு அவனைக் கரை சேர்ப்பதில்லை.

ஆகவே மூன்றை மனதிற் கொள்ளுங்கள். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் துணையோடு நிறுத்தச் செய்யுங்கள். நான் கூறிய மருந்துகளைக் கடையில் தாமாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஈரல் நோயால் அறிவு மயங்கிய நிலையில் இருப்பவருக்குப் பாக்லோஃபென் தீங்கு செய்யக்கூடும். மூன்றாவதாக, அத்தகைய ஒருவர் உங்கள் வீட்டில் இருப்பாரானால் வெட்கத்தால் மறைத்து வைக்காதீர்கள். ஈரலில் கொழுப்பு படிந்த தொடக்க நிலையில் மதுவை விட்டால் அது பெரும்பாலும் சீராகிவிடும். தாமதித்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகும்.

அவரைக் கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர் நம்மில் ஒருவராக இருக்கட்டும். வஸ்ஸலாம்.