கடல் பட்டாபிராமில் தொடங்குது

பட்டாபிராம்ல உட்கார்ந்துகிட்டு அலைச்சறுக்கு பத்தி என்ன பேச்சுன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். கடற்கரை இங்கேருந்து 25 கிலோமீட்டருக்கு மேல. ஞாயிற்றுக்கிழமை விடியறதுக்கு முன்னாடி ஹிந்து காலேஜ் ஸ்டேஷன்ல ரயில் ஏறி, பறக்கும் ரயில் மாறி, திருவான்மியூர்ல பஸ் பிடிச்சு கோவளம் போறவன் நான். ஆனா இன்னைக்கு நான் பேசப்போறது நம்ம தெருவுக்கு வர்ற செப்டிக் டேங்க் லாரியைப் பத்தி.

அலைச்சறுக்குல பலகை மேல நிற்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம். மிச்ச நேரமெல்லாம் விழுவோம். மூக்கு, வாய், காது எல்லாத்துலயும் தண்ணி போகும். இங்கிலாந்துல எக்ஸிடர் பல்கலைக்கழகம் இதை ஆராய்ஞ்சு 2018-ல வெளியிட்டது. கடல்ல நீந்துறவரை விட அலைச்சறுக்கு செய்றவர் பத்து மடங்கு தண்ணி விழுங்குறார்னு சொல்றாங்க. சுமார் 300 பேரோட மலமாதிரியைச் சோதிச்சாங்க. ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கட்டுப்படாத ஈ-கோலை கிருமி, அலைச்சறுக்கு செய்றவங்கள்ல 9 சதவீதம் பேர்கிட்ட இருந்தது. கடலுக்குப் போகாதவங்கள்ல 3 சதவீதம்தான். அந்தக் கிருமி உடனே நோயாகணும்னு இல்லை. ஆனா நாளைக்கு ஒரு தொற்று வந்தா, வழக்கமான மாத்திரை வேலை செய்யாம போகலாம்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். பட்டாபிராமுக்குத் தெற்கே, பருத்திப்பட்டு வழியா கூவம் போகுது. திருவேற்காடு தாண்டி, நகரத்துக்குள்ள புகுந்து, நேப்பியர் பாலத்துக்கிட்ட கடல்ல சேருது. கோடையில முகத்துவாரத்தை மணல் அடைச்சிடும். சாக்கடை உள்ளேயே தேங்கி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில மழை கொட்டி வெள்ளம் மணலை உடைக்கும்போது, தேங்கினது மொத்தமா கடலுக்குப் போகும். அதே வடகிழக்குப் பருவமழைக் காலத்துலதான் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்புது. அதாவது மெரினா, பெசன்ட் நகர் பக்கம்.

கோவளத்துக்குத் தனிக் கணக்கு இருக்கு. பள்ளிக்கரணை சதுப்புநிலத் தண்ணி ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்ல இறங்கி, முட்டுக்காட்டுல கடலைத் தொடுது. அதுக்குக் கொஞ்சம் தெற்கேதான் நாங்க பலகை போடுற இடம். பழைய மகாபலிபுரம் சாலையோட கழிவுநீரும் அந்தக் கால்வாய்க்குத்தான் வருது. தெற்குல அப்படி, மேற்குல நாம.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், குளிக்கவும் நீர் விளையாட்டுக்கும் உள்ள கடல்நீர்ல 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிஃபார்ம் 100 வரைதான் இருக்கலாம்னு வரையறை வெச்சிருக்கு. கோவளத்துக்கு 2021-ல நீலக்கொடி கிடைச்சது. அந்தக் கொடி இருந்தா நீர்ப் பரிசோதனை முடிவை கடற்கரையிலயே பலகையில போடணும். கொடி இல்லாத கடற்கரையிலயும் ஜனம் குளிக்குதே, அங்கேயும் அந்தப் பலகை வேணும்ங்கறது என் கோரிக்கை. மீனவர் வீட்டுப் பசங்க தினமும் இறங்குற தண்ணி அது. நான் வாரம் ஒருநாள் வந்துட்டுப் போறவன். அவங்களுக்கு அதுதான் வாசல்.

1990-ல இங்கிலாந்தோட கார்ன்வால் கரையில அலைச்சறுக்குக்காரங்க சேர்ந்து, சாக்கடைக்கு எதிரா ஒரு அமைப்பு தொடங்கினாங்க. 'சர்ஃபர்ஸ் அகெய்ன்ஸ்ட் சூவேஜ்'னு பேரு. கழிவுநீர் திறந்துவிட்டா கைபேசிக்கே எச்சரிக்கை வர்ற அளவுக்கு இன்னைக்கு வந்திருக்காங்க. இங்கே? 2025 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடத்திட்டோம். தண்ணி எப்படியிருக்குன்னு காலையில தெரிஞ்சுக்க ஒரு வழி வேணாமா?

அதுவரைக்கும், பெருமழை பெய்ஞ்சா மூணு நாள் கடல்ல இறங்காதீங்க. கலிஃபோர்னியாவுல சொல்றதும் இதே 72 மணி நேரம்தான். காயம் இருந்தா இறங்கவே வேணாம்.

இன்னொண்ணு, கடலுக்கே போகாதவங்களுக்கு. எங்க தெருவுல பாதாளச் சாக்கடை இல்லை, லாரிதான். அடுத்த தடவை லாரி வரும்போது, "எங்கே கொண்டுபோய் கொட்டுவீங்க அண்ணே?"ன்னு கேளுங்க. சுத்திகரிப்பு நிலையத்தோட பேரைச் சொல்றாரான்னு பாருங்க. கால்வாய் ஓரமா ராத்திரி கொட்டுற லாரிக்குக் கூலி குறைவா இருக்கலாம். மிச்சத்தை யாரோ ஒரு பையன் விழுங்குறான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.