கூடிப் படிக்க ஓர் இடம்



தோட்டப்புறக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கணினி நிரல் எழுதக் கற்கிறார்கள். நிரல் என்பது கணினி செய்ய வேண்டிய வேலையைப் படிப்படியாக எழுதித் தருவது. அதில் ஒரு சிறு குறி தவறினாலும் வேலை நின்றுவிடும். தவறு எங்கே என்று தனியாகத் தேடினால் ஓர் இரவு முழுவதும் போகும். அதே தவறை முன்பு செய்து திருந்தியவர் பக்கத்தில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தீரும். ஆகவே இவர்கள் கூடிப் படிக்க விரும்புகிறார்கள். ஒருவர் தைப்பிங்கில், ஒருவர் பாரிட் புந்தாரில், ஒருவர் கோலகங்சாரில் இருப்பதால் இணையத்தில் கூடுகிறார்கள். அவர்கள் கேள்வி கேட்கவும் விடை சொல்லவும் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சு.

இது பிள்ளைகள் விஷயம், நமக்கென்ன என்று பெற்றோர் எண்ண வேண்டாம். இதிலுள்ள கேள்வி நமக்கு மிகவும் பழக்கமானது. இடம் யாருடையது என்பதே அந்தக் கேள்வி.

1950களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். காடு வெட்டி, மரம் நட்டு, பால் வெட்டிய குடும்பங்கள் வேலையையும் லயத்தையும் இழந்தன. உழைப்பு அவர்களுடையது, நிலம் வேறொருவருடையது. இதற்கு விடையாகத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணம் தோட்டங்களை வாங்கியது.

இணையத்திலும் ஒரு துண்டாடல் நடந்திருக்கிறது. 2001 முதல் யாகூ நிறுவனம் ‘யாகூ குழுக்கள்’ என்ற பெயரில் மக்கள் கூடிப் பேச இலவசமாக இடம் தந்தது. தமிழர்களும் அங்கே நிறைய எழுதினார்கள். நம் நாட்டில் சுங்கை பட்டாணியைச் சேர்ந்த டாக்டர் ஜெயபாரதி நடத்திய ‘அகத்தியர்’ குழுவும் அங்கேதான் இயங்கியது. 2019 அக்டோபரில், குழுக்களில் சேர்ந்திருக்கும் பழைய கடிதங்களும் படங்களும் கோப்புகளும் நீக்கப்படும் என்று நிறுவனம் அறிவித்தது. 2020 டிசம்பர் 15ஆம் தேதி சேவையே மூடப்பட்டது. கொடுத்த அவகாசத்துக்குள் எடுத்து வைத்தவர்களின் எழுத்து தப்பியது. மற்றவை போயின.

அப்படியானால் மாற்று வழி என்ன? கட்டற்ற மென்பொருள் என்று ஒரு வகை உண்டு. 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் இதற்கான இயக்கத்தைத் தொடங்கினார். இவ்வகை மென்பொருளை எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். அதன் மூல நிரலைப் படித்துத் திருத்தலாம். பிறருக்குப் படியெடுத்துத் தரலாம். திருத்திய படியையும் தரலாம். இந்த நான்கு உரிமைகளையும் காக்க 1989இல் ஜி.பி.எல். என்னும் பொது உரிமம் வெளியிடப்பட்டது. நிரல் கற்கும் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. தாங்கள் கூடும் இடத்தின் மூல நிரலே அவர்களுக்கு ஒரு பாடப்புத்தகம் ஆகிறது.

வாட்ஸ்அப் குழு போதாதா என்று சிலர் கேட்கலாம். செய்தி சொல்ல அது போதும். ஆனால் அங்கே பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்கு முன் சொன்ன விடையைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அந்த இடமும் வேறொருவருடையதே.

கூடிப் பேசுவதற்கென்றே செய்யப்பட்ட கட்டற்ற மென்பொருள்கள் பல உண்டு. இரண்டை மட்டும் பார்ப்போம். இரண்டும் ஜி.பி.எல். உரிமம் உடையவை. பிஎச்பிபிபி என்பது 2000இல் தோன்றியது. எளிமையானது, குறைந்த வாடகைக் கணினியிலும் ஓடும். டிஸ்கோர்ஸ் என்பது 2013இல் வெளிவந்தது. கைப்பேசியில் வாசிக்க வசதியானது. சரியான விடை இதுதான் என்று குறித்து வைக்கவும் முடியும். ஆனால் அதற்குக் குறைந்தது 1 கிகாபைட் நினைவகம் வேண்டும். நிறுவிப் பராமரிக்க லினக்ஸ் தெரிந்தவரும் வேண்டும். கைக்காசும் ஆள்பலமும் எவ்வளவு என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அழகைப் பார்த்து மயங்காமல், சில சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். முதலாவது, உரிமத்தைப் படிக்க வேண்டும். இரண்டாவது, ஒரு தமிழ்ப் பத்தியையும் ஒரு நிரலையும் இட்டுப் பார்க்க வேண்டும். பைத்தான் மொழியில் வரியின் தொடக்கத்திலுள்ள இடைவெளிக்கும் பொருள் உண்டு. அது சிதைந்தால் நிரல் ஓடாது. மூன்றாவது, சேர்ந்திருப்பதையெல்லாம் மொத்தமாக வெளியே எடுத்து வேறொரு கணினியில் எழுப்பிப் பார்க்க வேண்டும். இதுவே முக்கியமான சோதனை. கணினி வாடகைக்கு எடுத்ததாகத்தான் இருக்கும். அதன் சொந்தக்காரர் கதவை மூடினாலும், மென்பொருளும் சேமிப்பும் நம் கையில் இருந்தால் வேறு இடத்தில் குடியேறலாம்.

சொந்த வீடு என்றால் கூரையை நாமேதான் பார்க்க வேண்டும். 2016 ஜூலையில் உபுண்டு என்னும் லினக்ஸ் பயனாளர்கள் கூடும் இணைய இடத்தில் திருடர் புகுந்து, சுமார் 20 லட்சம் பேரின் பெயர், மின்னஞ்சல் முகவரி முதலிய விவரங்களை எடுத்துச் சென்றனர். அங்கே பயன்பட்ட இணைப்பு மென்பொருள் ஒன்றில் ஓட்டை இருப்பது முன்பே தெரிந்திருந்தும், அது அடைக்கப்படாமல் இருந்ததே காரணம். ஆகவே திருத்தங்கள் வந்தவுடன் போட வேண்டும். வாரம் ஒரு முறை படியெடுத்து இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. அவர் வேலை தேடிச் சிங்கப்பூர் போய்விட்டால் சாவியும் அவரோடு போய்விடும். பொறுப்பாளர் இருவராவது இருப்பது நல்லது.

பெற்றோர்களே, சிறு கணினி ஒன்றின் மாத வாடகையை இருபது பிள்ளைகள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஒரு சில வெள்ளிதான் வரும். அதை வீண் செலவு என்று தள்ளிவிடாதீர்கள். பிள்ளை வந்து பணம் கேட்கும்போது, “நீங்கள் எழுதி வைப்பதையெல்லாம் நாளைக்கு எடுத்துக்கொண்டு போக முடியுமா? யார் யாரிடம் சாவி இருக்கிறது?” என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் மனமுவந்து கொடுங்கள். பதில் வரவில்லையென்றால், விசாரித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.